நடுக்குவாதமும் தாய்மொழிப் பாடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நாமோ ஒரு நோயைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம், பொறுத்தருள வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலிருந்தும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலிருந்தும் இங்கு வரும் அன்பர்கள் தத்தம் இல்லத்து முதியோரைக் குறித்துக் கூறுங்கால், ‘கை நடுங்குகிறது’ என்பதினும் ‘கீழே விழுந்துவிட்டார்’ என்பதையே மிகுதியாகக் கேட்கிறோம். அவ்விழுகையைப் பற்றியதே இவ்வுரை.

நாம் நடுக்குவாதம் என்கிறோம். மலையாளத்தார் விறவாதம் என்பர். ஆயுர்வேதியர் கம்பவாதம் என்பர். மேனாட்டில் இதனைத் தனியொரு நோயாகப் பிரித்தறிந்து 1817ஆம் ஆண்டில் நூல் எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அந்நூலிற் காணும் நோயாளிகள் அறுவரே. அவருள்ளும் சிலரை அவர் தெருவிற் கண்டே குறிப்பெடுத்தார்! உடல் முன்புறம் வளைதலையும், நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுதலையும் அவர் அன்றே எழுதிவைத்தார். நடுக்கம், தசை இறுக்கம், செயல் மந்தம், உடற்சமநிலை குலைதல் என்னும் நான்கும் இந்நோயின் முதன்மைக் குறிகள். இவற்றுள் நான்காவது பெரும்பாலும் பிந்தி வருவது. மருந்துக்கு எளிதில் இணங்காததும் அதுவே.

மருந்தின் வரலாற்றில் தமிழர் பெருமைகொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. நடுமூளையில் கருநிறப் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் உயிரணுக்கள் அழிவதால் டோபமின் என்னும் பொருள் குன்றுகிறது. அதுவே நோயின் மூலம். இக்குறை 1960ஆம் ஆண்டில் வியன்னாவில் மெய்ப்பிக்கப்பட்டது. அதனை ஈடுசெய்யும் மருந்து லெவோடோபா. இப்பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னையில் ஆய்வு நடத்திய தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். நம் வேலிகளிற் படர்ந்து, தொட்டால் உடலெல்லாம் தினவெடுக்கச் செய்யும் அந்தக் கொடியேதான். மலையாளத்தார் நாய்க்குருணை என்பர். இப்பொருள் இந்நோய்க்குப் பயன்படும் என்பது அக்காலத்தில் அறியப்படவில்லை. (இதைக் கேட்டுவிட்டு விதையை இடித்து உண்ணப் புறப்படலாகாது. எத்துணை மருந்து உள்ளே போகிறது என்பது தெரியாமற்போகும். மாத்திரையோடு சேர்ந்தால் கேடும் விளையும்.)

லெவோடோபா இறுக்கத்தைத் தளர்த்தும்; மந்தத்தைப் போக்கும்; கிடந்தவரை எழுப்பி நடக்கவும் வைக்கும். எனினும் நடப்பவரை விழாமற் காக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. நலமுள்ள ஒருவரைச் சற்றே பின்னுக்கு இழுத்தால் அவர் எண்ணிப்பார்க்கு முன்பே கால் ஓரடி பின்வைத்து உடலைத் தாங்கிக்கொள்கிறது. இந்நோயுடையாரிடம் அவ்வடி தாமதித்து வருகிறது; அல்லது மிகச் சிறிதாக வருகிறது. மருத்துவர் நோயாளியின் பின்னே நின்று தோளைப் பற்றி இழுத்துப் பார்ப்பது இதனை அறியவே. இச்செயலுக்குரிய நரம்பு வழிகளுள் டோபமினைச் சாராதனவும் உண்டு. ஆதலின் மாத்திரையைக் கூட்டுவதால் மட்டும் தீர்வு கிட்டுவதில்லை. வாயிற்படியிலும், திரும்பும் இடத்திலும் பாதம் பசையிட்டு ஒட்டினாற்போல் நின்றுவிடுவதும் உண்டு. கால் நின்றுவிடுகிறது, உடலோ முன்னே செல்கிறது. விழுவதற்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் ஒரு வியப்பு. அங்ஙனம் கால் ஒட்டி நிற்பவர், தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துவிடுகிறார்! இருப்புப்பாதையின் குறுக்குக் கட்டைகளைப் போல் இடைவெளி விட்டுக் கோடிட்டால் போதும். பர்டன் மார்ட்டின் என்னும் பிரித்தானிய மருத்துவர் 1967ஆம் ஆண்டு நூலில் இத்தகைய செய்திகளை விரித்துரைத்திருக்கிறார். ‘ஒன்று, இரண்டு’ என்று தாளமிட்டு எண்ணினாலும் கால் பெயர்கிறது. தானே நிகழ்ந்துவந்த நடை இப்பொழுது கருத்தூன்றி நிகழ்த்த வேண்டிய நடையாகிவிட்டது. சுருங்கச் சொன்னால், அறுபது வயதில் நடப்பதற்குப் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்பாடத்தால் பயனுண்டா? உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இந்நோயுடைய 195 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. வாரம் இருமுறையாக 24 வாரங்கள் தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சியை மேற்கொண்டோர், உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தோரைவிடக் குறைவாகவே விழுந்தனர்.

பாடம் இருக்கிறது, ஆசிரியர் எங்கே? திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இத்தகைய நோய்களுக்குப் பெயர்பெற்றது. உடும்பன்சோலையிலிருந்து அங்குச் செல்வது முழுநாட் பயணம். ஆகவே நம்மவர் தேனிக்கும் மதுரைக்கும், பாலக்காட்டு எல்லையோர் கோயம்புத்தூருக்கும் செல்கின்றனர். ஒருநாட் சென்று மாத்திரை வாங்கி வரலாம். வாரந்தோறும் சென்று நடை பயில இயலுமா? திரும்பி வந்து வாழ்வதோ மலைச்சரிவில். தோட்டத்து லயங்களில் குறுகிய வாயில், உயர்ந்த படி, மழையில் வழுக்கும் முற்றம்.

தொலைவினும் பெரிய தடை மொழி என்பது நமது துணிபு. நாம் அறிந்த தோட்டத் தொழிலாளர் ஒருவருக்கு ஒரு மருத்துவமனையில் பயிற்சித் தாள் கொடுத்தனுப்பினர். ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் மலையாளம். அவரும் அவர்தம் மனைவியாரும் தமிழன்றி வேறெதுவும் படிக்க அறியார். அத்தாள் நாட்காட்டிக்குப் பின்னே செருகிக் கிடந்தது. இஃது எழுத்தறிவைப் பற்றிய குறை மட்டுமன்று. இந்நோயுடையார் நடந்துகொண்டே வேறொன்றில் மனம் செலுத்தினால் நடை குலையும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. அயல்மொழிக் கட்டளையை மனத்துள் தமிழாக்கிக்கொண்டே அடியெடுத்து வைப்பவர் எங்ஙனம் நிலைபெறுவார்? ‘காலை அகட்டி வையுங்கள்’ என்னும் சொல் செவியிற் பட்டவுடன் காலுக்குச் சேர வேண்டும்.

இதற்கு வழி நம் பிள்ளைகளின் கல்வியிலேயே இருக்கிறது. கேரள அரசின் விக்டர்ஸ் கல்வி ஒளிபரப்பை 2005இல் தொடங்கிவைத்தவர் இராமேசுவரத்துத் தமிழராகிய அப்துல் கலாம். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது, 2020 சூன் முதல் நாள் தொடங்கிய ‘பஸ்ட் பெல்’ வகுப்புகளில் தமிழ்வழி மாணவர்க்கும் பாடங்கள் வந்தன. பாட்டனும் பாட்டியும் பேரனின் அருகே அமர்ந்து அவற்றைக் கேட்டிருக்கின்றனர். கணக்கும் அறிவியலும் தமிழில் வந்த அதே கைப்பேசியில் நடைப்பாடம் வரலாகாதா?

இத்தாலியில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. சமநிலை குன்றிய 76 நோயாளருள் பாதிப்பேர் மருத்துவ நிலையத்திலும், பாதிப்பேர் தம் வீட்டிலும் ஏழு வாரம் பயின்றனர். வீட்டிலிருந்தோரைப் பயிற்சியாளர் இணையவழித் திரையில் கண்டு நெறிப்படுத்தினார். சமநிலை அளவையில் அவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் வீட்டில் பயின்ற ஒவ்வொருவருடனும் துணைவர் ஒருவர் இருந்தார் என்பதை மறக்கலாகாது. திரை எண்ணிக் காட்டும், திருத்திச் சொல்லும். சாய்பவரைத் தாங்கிப் பிடிக்க அதற்குக் கை இல்லை. மலைத் தோட்டங்களில் அலை தேடிப் பிள்ளைகள் மேடேறிய கதையும் நாம் அறிந்ததே. ஆகவே நேரடி வகுப்பு ஒன்றையே நம்பாமல், கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளும் பாடங்களும் வேண்டும்.

சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. நம் உறுப்பினர் குடும்பங்களில் இயன்முறை மருத்துவம் பயின்ற இளைஞர்கள் உளர். அவர்கள் நோயாளியை ஒருமுறை நேரிற் கண்டு, எது தகும், எது தகாது என வரையறுத்த பின், நாற்காலியிலிருந்து எழுதல், திரும்புதல், கோடு தாண்டுதல் ஆகிய பயிற்சிகளைத் தமிழிற் சொல்லிப் பதிவுசெய்து தரட்டும். ஊராட்சிகளின் வலிதணிப்புச் சேவைச் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். அவர்களிடமும் இப்பதிவுகளைக் கொடுக்கலாம். பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லாத முதியோர் நம் லயங்களில் எத்தனை பேர் என்பதை முதலில் கணக்கெடுக்க வேண்டும். அதற்கான பதிவேட்டை இம்மண்டப வாயிலில் வைத்திருக்கிறோம். செல்லுமுன் தெரிந்த பெயர்களை அன்பர்கள் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.