பத்தாவாலிக் கசப்பில் இருப்பது என்ன?

(மூத்த குடிமக்களுக்கான நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)

பத்தாவாலிக் கொடியை உங்களுக்கு நான் காட்டித் தர வேண்டியதில்லை. வேலியிலும் மாமரத்திலும் படர்ந்து, நூல் நூலாக வேரைத் தொங்கவிடும் கொடி அது. தண்டு முழுக்கப் பருப் பருவாக இருக்கும். அதை நறுக்கிக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கசப்புத் தாங்காமல் வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்குபவர்களும் உண்டு. ‘இனிப்பு நீருக்கு நல்லது, ஊரில் சீந்தில் என்று சொல்வார்களே, அதுதான் இது’ என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

அது இதுவல்ல. சித்த மருத்துவத்தில் சொல்லும் சீந்திலும் இங்கே வேலியில் வளரும் பத்தாவாலியும் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு வேறு கொடிகள். சீந்தில் தண்டில் இந்தப் பருக்கள் இருக்காது. இந்திய ஆயுஷ் அமைச்சே 2022இல் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஆகவே, சீந்திலைப் பற்றிப் படித்ததை அப்படியே பத்தாவாலிக்குப் பொருத்தக் கூடாது.

சரி, தண்டுக்குள் என்ன இருக்கிறது? முதலில் அல்கலாய்டுகள். செடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் கலந்த, உடம்பில் வேலை செய்யக்கூடிய பொருள்களுக்கு அந்தப் பெயர். காப்பியில் உள்ள காஃபின் ஓர் அல்கலாய்டு. தோட்டப்புறத்தில் மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரையும் அதுதான். பத்தாவாலியில் பெர்பெரின், பால்மட்டின், மேக்னோஃபுளோரின் என்று சில இருக்கின்றன. பெர்பெரின் மஞ்சள் நிறமானது. மரமஞ்சளுக்கு அந்த நிறம் வருவதும் அதனால்தான். மரமஞ்சளும் இதே குடும்பத்துக் கொடிதான். ஆனால் மரமஞ்சளில் உள்ள அளவுக்கு பெர்பெரின் பத்தாவாலியில் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அல்கலாய்டு அல்லாத, டைட்டர்பீன் என்ற வகைப் பொருள்கள். நாக்கைச் சுளிக்க வைக்கும் அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணம் இவைதான். போராபெட்டோசைடு என்பது இவற்றில் ஒன்று. தாய்லாந்தில் இந்தக் கொடிக்கு வழங்கும் போராபெட் என்ற பெயரிலிருந்து வந்தது. இவற்றின் அமைப்பில் ஃபியூரான் என்றொரு சிறு வளையம் உண்டு. கல்லீரல் எந்த வேண்டாத பொருளையும் உடைத்து வெளியேற்றப் பார்க்கும். இந்த வளையத்தை உடைக்கும்போது அதைவிடக் கடுமையான ஒரு பொருள் உண்டாகி, கல்லீரல் அணுக்களையே தாக்கக்கூடும். கழுவி, கொதிக்க வைத்து, சுத்தமாகக் குடித்தாலும் இது மாறாது. சேதம் அழுக்கிலிருந்து வருவதில்லை, சாற்றிலிருந்தே வருகிறது.

‘கசப்பு சர்க்கரையை முறிக்கும்’ என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. நாக்கில் தெரியும் கசப்புக்கும் இரத்தத்தில் ஓடும் சர்க்கரைக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. எலிகளில் பத்தாவாலிச் சாறு இன்சுலின் சுரக்கத் தூண்டியது உண்மை. 1989இலேயே அதை எழுதியிருக்கிறார்கள். மனிதர்களிடம் நடந்தது வேறு. தாய்லாந்தில் நீரிழிவு உள்ள 40 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு கிராம் பத்தாவாலித் தூளை நாளுக்கு மூன்று வேளை, ஆறு மாதம் கொடுத்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. சர்க்கரை குறையவில்லை. தூள் சாப்பிட்டவர்களில் இருவருக்குக் கல்லீரல் என்சைம்கள் வெகுவாக ஏறிவிட்டன. நிறுத்திய பிறகு இறங்கின. எனக்கு இந்த ஓர் ஆய்வே போதுமான எச்சரிக்கை.

சீந்தில் மட்டும் பாதுகாப்பா என்று கேட்பீர்கள். கோவிட் காலத்தில், எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சு அதை ஏற்கவில்லை. வேறு கொடி கலந்திருக்கலாம் என்றது. அந்த வாதம் எப்படிப் போனாலும், இங்கே வேலியில் இருப்பது அந்த ‘வேறு கொடி’தான்.

பாட்டிமார்களுக்கு ஒன்று. பெர்பெரின் பச்சிளம் குழந்தையின் மஞ்சள் காமாலையைக் கூட்டக்கூடும். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் நம் மருத்துவமனைகள் பார்ப்பது அந்தக் குறைபாட்டைத்தான். இந்த அச்சத்தால்தான் சிங்கப்பூரில், பெர்பெரின் நிறைந்த ஒரு சீன மூலிகைக்கு 1978 முதல் பல ஆண்டுகள் தடை இருந்தது. அதனால் பிள்ளைத்தாய்ச்சிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், குழந்தைக்கும் இந்தக் கஷாயம் வேண்டாம்.

கிளினிக்கில் மெட்ஃபார்மின், கிளிக்லசைடு வாங்குபவர்கள், கஷாயம் குடிப்பதால் மாத்திரையைத் தாமாகக் குறைக்காதீர்கள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைத் தொடவே கூடாது; பெர்பெரின், சைக்குளோஸ்போரின் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். மஞ்சள் காமாலை, ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி வந்தவர்களும், மது பழக்கம் உள்ளவர்களும் தள்ளியே இருங்கள்.

கடையில் விற்கும் தூளும் குளிகையும் என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, டி என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாமில் எண் இல்லாமல் விற்பதை வாங்காதீர்கள். சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த பொருள்கள் இந்நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. பதிவு எண் இருந்தாலும் அது நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று அல்ல.

குடித்துக்கொண்டிருப்பவர்கள் யாராயினும், சிறுநீர் கறுந்தேநீர் நிறமானால், கண் மஞ்சளித்தால், பசியே இல்லாமல் உடம்பு ஓய்ந்துபோனால், காரணமின்றி உடம்பெல்லாம் அரித்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ‘வைத்தியம் செய்வதைச் சொன்னால் திட்டுவார்கள்’ என்று மறைக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். திட்ட மாட்டார்கள். கொடியின் ஒரு துண்டையும் இலையையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். எவ்வளவு நாளாக, எத்தனை கோப்பை என்பதையும் சொல்லுங்கள். கல்லீரலைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை உங்கள் அடுத்த சந்திப்பிலேயே செய்துகொள்ளக் கூடியதுதான். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.