குட்டியும் அது பிறந்த வீடும்

டிக்கோயாவிலே நள்ளிரவிற் குரைத்துக்கொண்டிருந்த லயத்து நாய் திடீரென அடங்கிவிட்டால், உள்ளே உறங்குவோர் விழித்துக்கொள்வர். தேயிலை மலைகளுக்கும் அவற்றிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளுக்கும் நடுவே சிறுத்தை நடமாடும் பிரதேசம் அது. வாசலிற் கட்டிவைத்த நாய் அதற்கு எளிய இரை. இதனை அறிந்தவர்கள் இரவில் நாயை உள்ளே சேர்த்துக்கொள்வர். ஆயினும், சிறுத்தைக்குக் காவல் செய்யத் தெரிந்த அதே குடும்பத்தினர், குட்டியை விலைக்கு வாங்குமிடத்தில் ஏமாந்துவிடுவதுண்டு. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய அல்சேஷன் குட்டி, வந்த ஐந்தாம் நாள் உணவை வெறுத்து, ஏழாம் நாள் இரத்தமாய்க் கழிந்து இறந்துபோகும். பிள்ளைகள் அழுவர். விற்றவரின் தொலைபேசி பதில் சொல்லாது.

குட்டியின் அழகைக் கண்டு வாங்குவதே இத்தவறின் வேர். பார்க்க வேண்டியது குட்டியையன்று. அது பிறந்த வீட்டை. மலைநாட்டிற்கு இது புதிய செய்தியுமன்று. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், மரை வேட்டைக்கென நாய்க்கூட்டம் ஒன்றை வைத்திருந்தார். அவருடைய வேட்டைப் பித்தைப் போற்றுவதற்கில்லை. ஆனால் தம் நாய்களை அவர் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். எந்த இனத்துத் தாய்க்கும் எந்த இனத்துத் தந்தைக்கும் பிறந்த நாய் இந்தக் குளிரையும் மேட்டையும் தாங்குமென ஆராய்ந்திருக்கிறார். சிறுத்தைக்கு நாய்களைப் பறிகொடுத்த கதையும் அவர் நூலில் உண்டு.

தோட்டத்துப் பங்களாவில் ஈன்ற குட்டி லயத்துக்கு வந்து சேருமாயின், அதன் தாயை ஊரே அறிந்திருக்கும். இன்றோ கைத்தொலைபேசியிற் படம் வருகிறது, விலை பேசப்படுகிறது, பேருந்து நிலையமொன்றில் அட்டைப் பெட்டிக்குள் குட்டி கைமாறுகிறது. தாய் எங்கே என்று கேட்டால், "தூரத்தில் இருக்கிறது" என்பது விடை. அந்த விடையைக் கேட்டவுடன் பணத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பிவிடுதல் நலம்.

வீட்டுக்குச் சென்று பார்ப்பவர் முதலிலே தாய் நாயை அழைத்துப் பார்க்க வேண்டும். பெட்டை நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஓய்வின்றி ஈற்றுக்கு மேல் ஈற்றாக ஈன்ற நாயின் விலா எலும்பும் தொங்கிய மடியும் உண்மையைச் சொல்லிவிடும். அது மனிதரைக் கண்டு மூலையில் ஒடுங்குமாயின், குட்டிகளும் அவ்வச்சத்தையே கற்றிருக்கும். 1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், வேலியிட்ட வெளியொன்றிலே மனிதர் தொடர்பின்றிக் குட்டிகளை வளர்த்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டனர். 14 வாரம் வரை மனிதக் கை படாது வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு பழக்கியும் மனிதரை அணுகவில்லை. ஆகவே கூட்டுக்குள்ளே அடைபட்ட குட்டியைவிட, அடுப்பங்கரையிற் காலுக்குள் இடறித் திரிந்த குட்டியே மேலானது. எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்துத் தருவோரிடம் வாங்கலாகாது.

இரத்தக் கழிச்சலைத் தருவது பாவோ வைரசு. 1978ஆம் ஆண்டளவில் உலகின் பல பாகங்களிலும் திடீரெனத் தோன்றிய நோய் இது. இதன் கிருமி மண்ணிலே பல மாதங்கள் உயிர்த்திருக்கும். வரிசையாய் அமைந்த லயத்துக்கோ முற்றம் ஒன்றே. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுக் குட்டி இந்நோயால் இறந்திருந்தால், இவ்வாண்டு வரும் குட்டிக்கும் அதே மண் நஞ்சாகலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும், மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தவையும், 16 வாரத்தை ஒட்டி இறுதியானதும் இடப்பட வேண்டும். "ஊசி போட்டாயிற்று" என்னும் வாய்ச்சொல் போதாது. மருந்துக் குப்பியின் சீட்டு ஒட்டி, மிருக வைத்தியர் ஒப்பமும் திகதியும் இட்ட அட்டையே சான்று. விசர்நோய்த் தடுப்பூசி வேறு, அதனையும் மறத்தலாகாது.

இனத்தின் பெயரைச் சொல்லி விலையை உயர்த்துவோரிடம் வம்சப் பத்திரம் கேட்கலாம். அதனினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. அல்சேஷன், லபிறடோர் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டு சரியாய்ப் பொருந்தாத குறை பரம்பரையாக வரும். சமநிலத்தில் ஓரளவு மறைந்திருக்கும் இக்குறை, டிக்கோயாவின் படிகளிலும் சரிவுகளிலும் நாயை நொண்டியாக்கிவிடும். இதனைப் பதிவு செய்வதற்கென 1966இல் அமெரிக்காவில் தோன்றிய நிறுவனம், 24 மாதம் நிறைந்த நாயின் எக்ஸ்கதிர்ப் படத்துக்கே முடிவான சான்றிதழ் வழங்குகிறது. முதல் வயதிலேயே ஈன்ற தாயை அவ்வாறு யாரும் பார்த்திருக்க முடியாது. எக்ஸ்கதிர்ப் படம் என்றதும் விற்பவர் சிரித்தால், அச்சிரிப்பே விடை. காவலுக்கும் துணைக்கும் மட்டுமே நாய் வேண்டுவோர், அயல் வீட்டில் அறிந்த தாய் ஈன்ற நாட்டுக் குட்டியைக் கேட்டு வாங்கினால் இத்தொல்லைகளிற் பாதி இல்லை. அதற்கும் ஊசி வேண்டும் என்பது வேறு.

1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுச் சட்டம், நாய் வைத்திருப்போரைப் பதிவு செய்யச் சொன்னது. குட்டி எவ்வீட்டிற் பிறந்தது என்று பார்ப்பது வாங்குவோர் பொறுப்பு.

வாங்குவோர் கேட்கும் கேள்விகள் இவ்வளவு. நல்ல வளர்ப்பாளர் தாமும் திருப்பிக் கேட்பார். வீட்டில் எத்தனை பேர், பகலில் எல்லோரும் கொழுந்தெடுக்கப் போய்விட்டால் குட்டியை யார் பார்ப்பார், வளர்க்க இயலாமற் போனால் தம்மிடமே கொண்டுவந்து விடுவீர்களா என்றெல்லாம் விசாரிப்பார். சிலருக்கு இது அவமதிப்பாகத் தோன்றும். பணம் கொடுப்பவனை விசாரணை செய்வதா என்று எழுந்துபோவாரும் உளர். டிக்கோயாவை அறிந்த வளர்ப்பாளராயின் இன்னுமொன்று கேட்பார்: "இரவில் இது எங்கே படுக்கும்?" வாசலிற் கட்டிவைப்போம் என்ற பதிலுக்குக் குட்டியைக் கொடுக்க மறுப்பவர் ஒருவர் இருந்தால், கதவடியிற் சாக்கு விரித்து இடம் செய்து வைத்துவிட்டு, மறுபடியும் அவரிடமே போக வேண்டும்.