மானமும் மௌனமும்

(நமது சங்கத்தின் ஆதரவில் கும்மிடிப்பூண்டியில் கூடிய கல்லூரி மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் என்னை, பல்கலைக்கழகக் கல்வி பெறும் மாணாக்கர்க்கு இணையவழிப் பாதுகாப்பைக் குறித்து உரையாற்றுமாறு நம் சங்கத்தார் பணித்தபொழுது யான் பெரிதும் தயங்கினேன். கைப்பேசியின் நுட்பங்களை என்னினும் நீங்களே நன்கறிவீர்கள். ஆயினும், இவ்விஷயத்தில் யான் இழைத்த பிழையொன்று உண்டு. அதனை வெளிப்படக் கூறுவதால் வேறொரு வீட்டில் அப்பிழை நேராதாயின் நலமென்று கருதியே இம்மேடை ஏறினேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் பயின்று பின் கல்லூரி சேர்ந்த மாணவி ஒருத்தி ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டிற்கு வந்தாள். எவனோ ஒருவன் அவள் பெயராலும் படத்தாலும் இன்ஸ்டாகிராமிற் பொய்க்கணக்கொன்று தொடங்கி, அவளுடன் பயில்வோர்க்கெல்லாம் இழிந்த செய்திகளை அனுப்பியிருந்தான். "ஐயா, என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்று அவள் கண்கலங்கி நின்றாள். யான் கேட்ட முதற் கேள்வி, "நீ ஏனம்மா உன் படத்தை அதிற் போட்டாய்?" என்பதே. அவள் மறுமொழி கூறாது தலை கவிழ்ந்து சென்றுவிட்டாள். அதன்பின் மூன்று வாரம் அவள் கல்லூரிக்குச் செல்லவில்லை என்பதை யான் பின்னரே அறிந்தேன். அவளுடைய தந்தையார் சிப்காட் தொழிற்சாலையொன்றில் இரவு ஷிப்டு பார்ப்பவர். பகலில் உறங்கும் அவரை எழுப்பி இதனைச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. முடிவில், அவளோடு நாள்தோறும் ரயிலிற் செல்லும் தோழியர் இருவர் உடனிருந்து முறையிட்டமையால் அக்கணக்கு நீக்கப்பட்டது. அவளைக் காத்தவர் அத்தோழியரேயன்றி, அறிவுரை கூறிய ஆசிரியனாகிய யானல்லேன்.

ஒரு வீட்டிற் கன்னமிட்டுத் திருடிச் சென்றால், "நீ ஏன் வீட்டிற் பொருள் வைத்தாய்?" என்று நாம் வினவுவதில்லை. பெண்ணொருத்தியின் படத்தைத் திருடினால் மட்டும் அவ்வாறு வினவுகின்றோம். இக்கேள்வியின் கொடுமை எத்தகையது என்பதைச் சேலம் மாவட்டத்தில் 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்ததொன்று காட்டிற்று. பட்டம் பெற்ற இளம்பெண் ஒருத்தியின் முகத்தை வேறோர் உடலோடு பொருத்திய படங்கள் பேஸ்புக்கில் வெளிவந்தன. குடும்பத்தார் காவல் துறையினரிடம் முறையிட்டனர், நடவடிக்கையோ தாமதமாயிற்று, படம் மீண்டும் வெளிவந்தது. அப்பெண் உயிர் நீத்தாள். தான் எவர்க்கும் படம் அனுப்பவில்லை என்றும், பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்றும் அவள் எழுதி வைத்திருந்தாள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தாமதத்திற்காகப் பின்னர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பினாற் போன உயிர் மீளுமோ? அச்செய்தியைப் படித்த நாளில் அப்பெற்றோரை யான் நொந்துகொண்டேன். என் வாசலில் ஒரு மாணவி வந்து நின்றபொழுதோ, யானும் அவர்களைப் போன்றே நடந்தேன்.

பெரியோர்களே! இத்தீமை முற்றிலும் புதியதன்று. மொட்டைக் கடிதம் என்பதனை நம்முன்னோர் அறிவர். பெண் பார்த்து நிச்சயம் செய்த வீட்டிற்குப் பெயரில்லாத கடிதமொன்று வரும், திருமணம் நின்றுபோம். திருவள்ளுவர் புறங்கூறாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தமையால், முதுகுக்குப் பின் நின்று பழிக்கும் இழிகுணம் பழமையானதென்பது பெறப்படும். வேற்றுமை யாதெனின், மொட்டைக் கடிதம் ஒரு வீட்டிற்குச் சென்றது. இன்றைய வசையோ ஒரு நொடியில் ஆயிரம் பேர் கைக்குச் செல்லுகின்றது. அக்கடிதத்தைக் கிழித்து அடுப்பிலிடலாம். இதனை அங்ஙனம் அழித்தல் அரிது. பிறர் முகத்தைக் கொண்டு பொய்ப்படம் புனைதலும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் இந்நாளில் மிக எளிதாகிவிட்டது.

இனி, உள்ளத்திற் பட்டதை ஒளியாது சொல்லுகின்றேன், பொறுத்தருள்க. நம் சமூகத்தார் மானத்தை உயிரினும் மேலாக மதிப்பவர் என்று நாம் மேடைதோறும் பேசுகின்றோம். அப்பேச்சே மிரட்டுவோனுக்கு முதலீடாகின்றது. "படத்தை உன் சாதிச் சனத்தின் வாட்ஸப் குழுவில் இடுவேன்" என்று அவன் அச்சுறுத்துவது எதனால்? அங்ஙனம் இட்டால் நாம் அவனை விடுத்து, அப்பெண்ணையே குறைகூறுவோம் என்பதை அவன் அறிந்திருத்தலாலன்றோ? நாம் குறைகூறோமென்பது அவனுக்குத் தெரிந்த அன்றே அவன் கையிலுள்ள படைக்கலம் முறிந்துபோம். மானக்கேடு செய்தவனுக்கே உரியது. செய்யப்பட்டவளுக்கு அதிற் பங்கில்லை.

பொள்ளாச்சி வழக்கை நினைவு கூருங்கள். பெண்களைப் பழகி அழைத்துச் சென்று, வன்கொடுமை புரிந்து, அதனைப் படம் பிடித்து மிரட்டிய கூட்டம் அது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்லூரி மாணவி ஒருத்தி துணிந்து முறையிட்டமையால் அது வெளிப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேர்க்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அப்பெண்கள் வாய் திறந்தமையே அத்தீர்ப்பின் வித்து. மற்றொன்றும் எண்ணுங்கள். அவ்வொன்பதின்மரும் எவரோ பெற்ற மைந்தரே. பெண்ணை அடக்கி வளர்க்க அறிந்த நாம், ஆண்பிள்ளையின் கைப்பேசியில் யாதுளது என்று ஒருநாளேனும் வினவினோமா?

மாணவச் செல்வங்களே! இனி உங்கட்குச் சில கூறுவேன். இழிந்த செய்தியோ மிரட்டலோ வந்தால், அச்சத்தால் அதனை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. திரையைப் படமெடுத்து, கணக்கின் பெயர், இணைப்பு, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மிரட்டுவோனுக்குப் பணம் கொடுத்தல் எரியும் நெருப்பில் நெய் வார்ப்பதாம். ஒருமுறை பெற்றவன் மறுமுறையும் கேட்பான். 1930 என்னும் எண்ணிலும், மத்திய அரசின் இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும், மாவட்டத்து இணையவழிக் குற்றக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். பெண்களுக்கெதிரான குற்றங்களை அத்தளத்திற் பெயர் தெரிவியாமலே முறையிடவும் வழியுண்டு. அந்தரங்கப் படம் பரவுமென்று அஞ்சுவோர்க்கு, 2021ஆம் ஆண்டு முதல் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்னும் தளம் உதவி வருகின்றது. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே செல்லுவதில்லை. அதற்குரிய கைரேகை போன்றதோர் எண் மட்டும் சென்று, அதே படம் பேஸ்புக் முதலியவற்றில் ஏறாது தடுக்கத் துணைசெய்யும். மனம் மிகவும் தளர்ந்தால் 14416 என்னும் எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் செவிசாய்ப்பார் உளர்.

"யான் படம் எடுக்கவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவே" என்று சொல்லுவோர்க்கும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்து 67ஆம் பிரிவு, ஆபாசமானதை வெளியிடுவோனோடு அனுப்புவோனையும் குற்றவாளியாகவே கொள்ளும். முதற் குற்றத்திற்கே மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிறர் பெயரிற் கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு 66 டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை. உடன் பயில்வோனைச் சாதி சொல்லியோ நிறம் சொல்லியோ குழுவில் எள்ளி நகைப்பதும் விளையாட்டன்று. அக்குழுவில் நூறு பேரிருப்பின், ஒருவன் வைய, தொண்ணூற்றெண்மர் வாளாவிருப்பர். அத்தொண்ணூற்றெண்மருள் ஒருவரேனும் "இது தகாது" என்று எழுதுவாராயின், வையப்பட்டவன் தான் தனியனல்லன் என்று தேறுவான். அந்த ஒருவராக நீங்கள் இருத்தல் வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை ஒருநாள் கலங்கி வந்து நிற்குமாயின், முதலிற் சொல்ல வேண்டியது, "நான் உன்னை நம்புகின்றேன், சொல்" என்பதே. கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்ளுதலும் படிப்பை நிறுத்துதலும் கூடா. சொன்னாற் படிப்புப் போய்விடும் என்றஞ்சும் பெண் ஒருநாளும் சொல்லமாட்டாள்.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். பல்கலைக்கழக மானியக் குழு, 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மாதந்தோறும் முதற் புதன்கிழமையன்று கல்லூரிகளில் இணைய விழிப்புணர்வு நாள் நடத்துமாறு அறிவித்தது. கல்லூரி சொல்லும், ஆனால் அஞ்சிய பிள்ளை வந்து விழுவது வீட்டு வாசலிலன்றோ? ஆதலின், நமது ஒவ்வொரு கிளையிலும் பிள்ளைகள் தயங்காது அணுகத்தக்க மூத்த பெண்மணி ஒருவரையும் ஆடவர் ஒருவரையும் நியமித்து, கேட்டதைப் பிறரறியாது காக்கவும், காவல் நிலையத்திற்கு உடன் செல்லவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எவர் வீட்டுப் பெண்ணைப் பற்றிய அவதூறு வரினும், அதனை இட்டவரை உடனே நீக்குவதென்று தீர்மானமும் நிறைவேற்றுதல் வேண்டும்.

என் மாணவி இப்பொழுது வேலையில் இருக்கின்றாள். அண்மையில் ரயில் நிலையத்தில் என்னைக் கண்டு வணங்கினாள். "அன்று நான் கேட்டது தவறம்மா" என்றேன். "தெரியும் ஐயா, இனி வருபவளிடம் கேட்காதீர்கள்" என்றாள். அவள் சொல்லையே உங்கள்முன் வைத்து அமைகின்றேன்.