செனுவாவின் காதுகள்

வீடியோ கேம் என்றாலே திரையைப் பற்றித்தான் பேசுவோம். இன்று நான் சொல்ல வருவது, காதால் நம்மைக் கட்டிப்போடும் ஒரு விளையாட்டைப் பற்றி: 'ஹெல்பிளேடு: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள நிஞ்ஜா தியரி நிறுவனம் 2017இல் வெளியிட்டது.

செனுவா ஒரு போர்வீராங்கனை. கொலையுண்ட காதலனின் தலையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவன் உயிரை மீட்கப் பாதாள உலகம் போகிறாள். மனப்பிறழ்வு உள்ளவள். ஆளில்லாத குரல்கள் ஓயாமல் அவளைத் துரத்துகின்றன. அவை நமக்கும் கேட்கும். அதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி.

மனிதச் செவி போலவே வார்த்த இரண்டு காதுகளுக்குள் மைக்கைப் பொருத்தி, நடிகைகளை அதைச் சுற்றி நடந்தபடி பேசவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒருத்தி இடது தோளுக்குப் பின்னால் முணுமுணுப்பாள். இன்னொருத்தி பிடரியருகே வந்து சிரிப்பாள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரும், இப்படிக் குரல் கேட்டு வாழ்கிறவர்களும் யோசனை சொன்னார்கள். பேய்ப்படத்து மிரட்டல் எதுவும் இதில் இல்லாததற்கு அதுவே காரணம் என்பேன்.

சண்டையில்தான் வேலைப்பாடு தெரிகிறது. திரையில் உயிர்க்கணக்கு காட்டும் கோடு கிடையாது. முதுகுப்பக்கம் எதிரி வாளை ஓங்கினால், பின்னால் பார் என்று ஒரு குரல் கத்தும், தப்பித்துவிடுவோம். அடுத்த நிமிடமே, உன்னால் முடியாது என்று அவளைக் கேலி செய்யும். வெறுக்கவும் முடியாது, விடவும் முடியாது. சோகக் காட்சிக்கு வயலினை இழைத்து அழவைப்பது சுலபம். இங்கே நாம் அவளுக்காக இரங்குவதில்லை. அவளைப் போலவே அந்தக் குரல்களை நம்பிப் பிழைக்கிறோம். ஒட்டுதல் அப்படித்தான் பிறக்கிறது.

செனுவாவாக நடித்த மெலினா யூர்கன்ஸ், அதே நிறுவனத்தில் வீடியோ எடிட்டராக இருந்தவர். 2018இல் அவருக்கும் பாஃப்டா விருது கிடைத்தது, ஒலியமைப்புக்கும் கிடைத்தது.

விளையாட்டின் ஒரு கட்டத்தில் செனுவாவின் பார்வையே இருண்டுவிடும். ஓசையையும் கையிலுள்ள கன்ட்ரோலரின் அதிர்வையும் வைத்தே நகர வேண்டும். பக்கத்தில் ஏதோ மிருகம் மூச்சு விடும். நாமும் மூச்சை அடக்கிக்கொள்வோம். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய இருட்டுதான். இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, சீக்கிரமே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்களே என்பதுதான் என் குறை.