நாய்க்கு முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள்

பால்மரக் காட்டில் புல்லைக் கட்டுப்படுத்த 1980-களில் செம்மறி ஆடுகளை மேயவிட்ட நாடு மலேசியா. ஜாசின், அலோர் காஜா தோட்டத்து மக்களுக்கும் ஆடு வளர்ப்பு புதிதல்ல.

துடிப்பான நாய் ஆட்டைத் துரத்தினால் அடித்து விரட்டிவிடுகிறார்கள். குற்றம் நாயுடையதா? ஆட்டை வளைத்து மடக்கும் குணமே வேட்டைக் குணத்திலிருந்து வந்ததுதானே! ஆனால், பழக்காமல் மந்தையில் அவிழ்த்துவிட்டால், சினை ஆடு மிரண்டு குட்டியை இழக்கும்.

முதலில் 'நில்', 'வா' என்ற சொற்களுக்கு நாய் அடங்க வேண்டும். பிறகு நீளக் கயிறு கட்டி, சின்ன வேலிக்குள், நாய்க்கு மிரளாத 4, 5 ஆடுகளிடம் விடுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். களைப்பதற்குள் நிறுத்திவிடுங்கள்.

துடிப்பு குறையல்ல, வழிகாட்டாததே குறை.