உழைத்த பணம் உரிய நாளில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆடலும் பாடலும் நிறைந்த இம்மாலைப் பொழுதில் யாம் பணத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். விருந்துக்கு நடுவே மருந்தை நீட்டுகின்றாரே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், மாதச் சம்பளத்தை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியவர்களும், இறங்கலாமா என்று எண்ணிக் கொண்டிருப்பவர்களும் இவ்வவையில் பலர் இருக்கின்றீர்கள். அவர்களுக்குத் தொழில் தெரியும், உழைப்புக்கு அஞ்சார். செய்த வேலைக்குப் பணம் வாங்கும் கலையை மட்டும் யாரும் அவர்களுக்குக் கற்பிப்பதில்லை. அதனாலேயே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

கொச்சிக்குத் தமிழர் பிழைப்புத் தேடி வந்தது இன்று நேற்றன்று. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் இன்றும் இயங்கும் சலவைத் துறையை நீங்கள் அறிவீர்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. வெளுப்பவர் எவரிடமும் சம்பளம் பெறுபவர் அல்லர். வீடுதோறும் துணி எடுத்து, குறியிட்டு, வெளுத்துக் கொடுத்துக் கூலி பெறுபவர். இக்காலத்தார் தனி ஒப்பந்தத் தொழிலாளர் என்று புதுப்பெயரிட்டு அழைக்கும் வாழ்வை அவர்கள் என்றோ வாழத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை துணி என்று இரு தரப்பாரும் எண்ணிப் பார்த்த பின்னரே மூட்டை வீட்டை விட்டு வெளியேறும். அந்த எண்ணிக்கையில்தான் இன்றைய பேச்சின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

யாம் பட்ட பாட்டினைச் சொல்லுகின்றோம். 2021ஆம் ஆண்டு, பல்லாண்டு பார்த்த வேலையை விட்டு, குளிர்பதனப் பொறிகளைப் பழுது பார்க்கும் தொழிலைத் தேவராவில் தொடங்கினோம். முதல் பெரிய வேலை, மீன் ஏற்றுமதி நிலையம் ஒன்றில் கிடைத்தது. மூன்று நாள் இரவு பகல் பாராமல் உழைத்தோம். பொறி ஓடியது, மேலாளர் கைகுலுக்கினார். 60,000 ரூபாய்க்குப் பில் எழுதி, வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு, பணம் தானே வரும் என்று வீடு திரும்பினோம்.

ஒரு மாதம் கழிந்தது. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் மாதம் கேட்டோம். ‘அடுத்த வாரம்’ என்றார்கள். மூன்றாம் மாதம் கணக்கர், ‘பில் எமக்கு வந்து சேரவே இல்லையே!’ என்றார். மீண்டும் எழுதிக் கொடுத்தோம். ‘வேலைக் கட்டளை எண் இல்லையே!’ என்றார். வாய்மொழியாகச் சொன்ன வேலைக்கு எண் ஏது? இதற்கிடையே பள்ளிக் கட்டணம் கட்டும் நாள் வந்தது. இல்லத்தரசியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. கொடுக்க வேண்டியவர் வட்டியின்றி இருக்க, வாங்க வேண்டிய யாம் வட்டி கட்டினோம். ஐந்தாம் மாதம் பணம் வந்தது. சங்கிலி மீண்டது, அறிவும் வந்தது.

அன்பர்களே! அந்நிலையத்தார் தீயவர் அல்லர். எம் பில் அவர்கள் மேசையில் ஒரு காகிதம். எம் வீட்டிலோ அதுவே அரிசி. இவ்வேறுபாட்டை உணர்ந்த பின் யாம் மேற்கொண்ட முறைகளை உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலாவது, எழுத்தின்றி வேலையில் கை வையாதீர்கள். என்ன வேலை, என்ன கூலி, எத்தனை நாளில் பணம் என்னும் மூன்றும் இரண்டு வரியிலாவது இருத்தல் வேண்டும். கைப்பேசிச் செய்தியாக வந்தாலும் சான்றுதான். புதியவரிடம் ஒரு பங்கை முன்பணமாகக் கேளுங்கள். கேட்டால் கௌரவம் குறையாது.

இரண்டாவது, வேலை முடிந்த அன்றே பில் கொடுங்கள். எண், நாள், கட்டளை எண், தொகை, பணம் தர வேண்டிய கடைசி நாள், வங்கிக் கணக்கு ஆகியவை அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமோ மின்னஞ்சல் மறுமொழியோ பெறுங்கள். பணம் வழங்குபவர் எவர் என்பதையும் முன்னரே தெரிந்து கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரும் பணம் கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவராக இரார்.

மூன்றாவது, தவணை நாளுக்கு முன்பே ஒரு நினைவூட்டு. தவறினால் வாரந்தோறும் ஒன்று. சொல்லில் சூடு வேண்டா. நாளும் தொகையும் போதும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது பழமொழி. இங்கே அழவும் வேண்டா, கணக்கைக் காட்டினால் போதும்.

இனிச் சட்டத்தைக் கூறுவோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. குறுந்தொழிலும் சிறுதொழிலும் செய்வோர் வழங்கும் பொருளுக்கும் பணிக்கும், எழுத்தில் ஒப்பிய நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்நாள் 45 நாளைத் தாண்டலாகாது. ஒப்பந்தம் இல்லையாயின் 15 நாளே கெடு. பணியில் குறையிருப்பின் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் ஏற்றதாகவே கொள்ளப்படும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி. அதுவும் மாதந்தோறும் முதலுடன் சேரும் கூட்டு வட்டி. விகிதம் நூற்றுக்கு 6 என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வட்டி 18. எமது 60,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 900. இரண்டாம் மாதம் 913 ரூபாய் 50 காசு.

இவ்வுரிமைக்கு வாயில் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கை மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் தொடுக்கலாம். பணம் தரவேண்டியவர் மும்பையில் இருந்தாலும், நம் தொழில் நடக்கும் இடத்து மன்றமே விசாரிக்கலாம். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துப் போகவேண்டுமாயின், பணம் தரவேண்டியவர் முக்கால் பங்குத் தொகையைக் கட்டிவிட்டே போதல் வேண்டும்.

நம் கேரளத்து வழக்கொன்று இதில் பெயர் பெற்றது. டயர் புதுப்பிக்கும் ரப்பரை அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சில்பி இன்டஸ்ட்ரீஸ் முதலியோர் வழங்கினர். நூற்றுக்கு 90 பங்கு பொருள் வந்ததும், எஞ்சிய 10 பங்கு பயன்பாட்டு அறிக்கைக்குப் பின்னும் தருவதாக ஏற்பாடு. அந்தப் பத்துப் பங்கு நின்றுபோகவே, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், இத்தகைய கோரிக்கைக்கும் காலவரையறைச் சட்டம் பொருந்தும் என்றது. ஒப்பந்தத்துக்குப் பின் செய்த பதிவு முன்னைய வேலைக்குப் பயன்படாது என்றும் கூறியது. பின்னதை 2025இல் உச்ச நீதிமன்றமே பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. நமக்கு வேண்டிய பாடம் எளிது: முதல் வேலைக்கு முன்பே பதிவு செய்க, உரிமையை ஆண்டுக் கணக்கில் உறங்க விடற்க.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டன் 1998லேயே தாமதக் கடனுக்கு வட்டிச் சட்டம் இயற்றியது. நியூயார்க் நகரிலோ, 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நாள் குறிக்கப்படாத ஒப்பந்தமாயின் தனித் தொழிலாளர்க்கு வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தரவேண்டும்.

ஆயினும், சட்டம் கடைசிக் கருவியே. நாளை மீண்டும் வேலை தரக்கூடியவரோடு இன்று வழக்காடுவது எளிதன்று; மன்றத்திலும் காலம் நீளுவதுண்டு. ஆதலின், பெரும்பணத்தை ஒருவரிடமே தேங்க விடாதீர்கள். பழைய பாக்கி தீருமுன் புதிய வேலையை ஏற்காதீர்கள். மூன்று மாதச் செலவுக்குரிய சேமிப்பின்றிச் சம்பளத்தை உதறாதீர்கள்.

முடிவாக ஒன்று. யாம் பிறரிடம் பணத்துக்குக் காத்திருந்த அந்நாட்களில், எமக்கு உதவியாக வந்த பையனுக்கும் கூலி பாக்கி நின்றது. ஒருநாள் அவன் தயங்கித் தயங்கி வாயிலில் நின்றபோது, கணக்கர் முன் நின்ற எம்மையே அவனிடத்தில் கண்டோம். அன்று முதல், எம் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவன் கூலி சனிக்கிழமை தவறுவதில்லை. தையற்காரர்க்கும், சலவைக்காரர்க்கும், வீட்டு வேலை செய்யும் அம்மைக்கும் நாமும் முதலாளிகளே. கேட்கும் உரிமை பெற்ற நாம், கொடுக்கும் கடமையிலும் முன்நிற்போமாக.

நம் சங்கம் மாதம் ஒரு மாலை, கணக்கும் சட்டமும் அறிந்த உறுப்பினரை இளைஞர்களோடு அமரச் செய்யுமானால், பல வீட்டுச் சங்கிலிகள் அடகுக் கடை காணா. இவ்வேண்டுகோளுடன் விடைபெறுகின்றோம். வாழ்க நம் சங்கம்!