ரோட்டோரம் நிற்பவர்களுக்கு

இன்றைக்கு மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் ஓடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஓடுவது என் கணவர். ரோட்டோரம் நிற்பது நான். ஆகவே இந்தப் பேச்சு என்னைப் போல நிற்கிறவர்களுக்கு. மனைவிக்கு, கணவனுக்கு, பிள்ளைகளுக்கு, "இவ்வளவு தூரம் போறதுக்கு ஒரு பஸ் கிடைக்கலையா?" என்று கேட்கிற மாமியாருக்கும்தான்.

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். பாரிமுனையில் கிளம்பினால் ஏறக்குறைய கோவளம் போய்ச் சேருகிற தூரம். பெரிய வீரர்கள் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி முடித்துவிடுவார்கள். ஆபீஸுக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்கிற நம் வீட்டு ஆட்களுக்கு நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும்.

முதல் தடவை போகிற குடும்பங்கள் பெரும்பாலும் புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான் நிற்பார்கள். அங்கே நீங்கள் இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒலிபெருக்கி இருக்கும், பாட்டு இருக்கும், கைதட்ட ஊரே இருக்கும். ஆள் வேண்டியது 30-ஆவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில். நம் உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து, பலருக்கும் அந்தத் தூரத்தில்தான் தீரத் தொடங்கும். அதுவரை பேசிக்கொண்டே ஓடியவர் திடீரென்று வாய் மூடிவிடுவார். கால் கனக்கும், மனம் சோரும். 'சுவரில் மோதுவது' என்று ஓடுகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

அங்கே எப்போது போய் நிற்பது? கணக்கு எளிது. ஐந்து மணி நேரத்தில் முடிக்கிறவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான் விடிவதற்கு வெகு முன்பே நேப்பியர் பாலத்தருகே தொடங்கிவிடும். நாலு மணிக்குக் கிளம்புகிறவர் முப்பதைத் தொடும்போது மணி ஏழரை. நீங்கள் ஏழு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். சாலையை மறித்திருப்பார்கள், கார் போகாது. ஓடும் பாதையும் வருடத்துக்கு வருடம் மாறலாம். அந்த வருடத்து வரைபடத்தை முதல் நாளே பார்த்து, எந்தப் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாலையின் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். களைத்துப்போன கண்ணுக்கு முகம் பிடிபடாது, நிறம்தான் பிடிபடும். நான் ஒரு கிளிப்பச்சைக் குடையை விரித்துக்கொண்டு நிற்பேன். வெயிலுக்கும் ஆச்சு, அடையாளத்துக்கும் ஆச்சு.

கையில் என்ன கொண்டுபோவது? என் பையில் சுளை சுளையாக உரித்த ஆரஞ்சு ஒரு டப்பாவில் இருக்கும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, ஈரத்துண்டு, மாற்றுக் காலுறை இருக்கும். வேர்வையில் துணி உரசி அக்குளும் தொடையும் புண்ணாகிவிடும், அதற்குக் கொஞ்சம் வாசலின். கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம். நாக்கு வறண்டவரால் அதை மெல்லவே முடியாது. இன்னொன்று, பரிசுக்காக ஓடுகிற வீரர்கள் வெளி ஆட்களிடம் இப்படி எதுவும் வாங்கக் கூடாது, தகுதியே போகலாம். பொதுமக்கள் ஓட்டத்தில் அவ்வளவு கண்டிப்பு பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் விதியைப் படித்துவிட்டே போங்கள்.

அடுத்தது, என்ன பேசுவது. ரோட்டோரத்தில் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தான்!" முப்பதாவது கிலோமீட்டரில் இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். பன்னிரண்டு கிலோமீட்டர் பாக்கி, அதாவது இன்னும் ஒன்றரை மணி நேர ஓட்டம். "கால் வலிக்குதா?" என்றும் கேட்காதீர்கள். வலிக்காமல் இருக்குமா? "என்னங்க, முப்பது முடிஞ்சுது. அடுத்த தண்ணீர்ப் பந்தல் சிக்னல் தாண்டி இருக்கு" என்று சொல்லுங்கள். மூளை மந்தமாகிவிட்ட நேரத்தில் கையில் பிடித்துக்கொள்ள ஒரு நிஜமான தகவல் கிடைத்தால் போதும்.

நம் வீடுகளில் பாசம் வந்தால் ஊட்டத்தான் தெரியும். "குடி, இன்னும் ரெண்டு வாய் குடி" என்று பாட்டிலோடு பின்னாலேயே ஓடுவோம். கவனமாக இருங்கள். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள் 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். ஐந்து மணி நேரம் ஓடியவருக்கு எடை எப்படிக் கூடும்? வேர்வையாகப் போனதைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். தாகத்துக்குக் குடிக்கட்டும். வற்புறுத்த வேண்டாம்.

மருத்துவக் கூடாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: நம் ஆளின் நடை. தூரத்தில் வரும்போதே தோள் ஒரு பக்கம் சாய்கிறதா, கால் பின்னுகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் வந்ததும் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஏதாவது கேளுங்கள். பதில் குளறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மெடல் அடுத்த வருடமும் கிடைக்கும்.

நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. தாங்கிப் பிடித்து முடிக்க வைக்க உரிமை இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் நடந்ததைக் கேளுங்கள். விண்ட்சர் கோட்டையில் தொடங்கிய அந்த ஓட்டத்தின் நீளம்தான் பிற்பாடு 42.195 கிலோமீட்டர் என்று நிலைபெற்றது. இத்தாலிக்காரரான டொராண்டோ பியத்ரி முதல் ஆளாக அரங்கத்துக்குள் வந்தார். வந்தவர் திசை தடுமாறினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி மறுபடி விழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு மனம் பொறுக்கவில்லை. தூக்கி நிறுத்தினார்கள், எல்லைக்கோடு வரை உடன் வந்தார்கள். அமெரிக்க அணி ஆட்சேபித்தது. பியத்ரிக்குப் பதக்கம் போயிற்று, இரண்டாவதாக வந்த ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் கிடைத்தது. பிரிட்டிஷ் அரசி அலெக்ஸாண்ட்ரா மனம் இரங்கி பியத்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை தந்தார். உதவியவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர் ஓடிய ஓட்டம் அவருடையதாக எழுதப்படாமல் போனதற்கும் அந்த உதவிதான் காரணம்.

ரோட்டோரத் துணை ஒரு நாள் வேலை. வீட்டுத் துணை மாதக் கணக்கில் நடக்கிறது. நாலு மணிக்கு அலாரம் அடிக்கும். தூக்கம் கெடுவது இரண்டு பேருக்கு. ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரப் பயிற்சி என்றால் காய்கறி வாங்குவது, பிள்ளையை டியூஷனில் விடுவது, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போவது எல்லாம் இன்னொருவர் தலையில். ஓடுகிறவர் ஆணாக இருந்தால் இது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண் ஓடுகிறார். அதிகாலையில் கிளம்புவதற்கு முன் இட்லி ஊற்றி, சட்னி அரைத்து வைத்துவிட்டுத்தான் ஷூக் கயிற்றைக் கட்டுகிறார். போட்டியன்று அவருடைய வீட்டார் பதாகையோடு வந்து நின்றார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் பயிற்சி நாட்களில் அந்த இட்லியை வேறொருவர் ஊற்றியிருந்தால் அதற்குப் பெயர்தான் துணை.

ஓட்டம் முடிந்ததும் ஆளை உடனே உட்கார விடாதீர்கள். பத்து நிமிடம் மெல்ல நடக்கட்டும். உலர்ந்த சட்டை கொடுங்கள், வண்டியை நீங்கள் ஓட்டுங்கள், அன்று பகல் தூங்க விடுங்கள். அடுத்த ஞாயிறு பையையும் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். காய்கறி, டியூஷன், டாக்டர் எல்லாம் அவர் பாடு. உங்களுக்குப் பிடித்த வேலைக்கு நீங்கள் கிளம்புங்கள். பாட்டு வகுப்போ, பழைய தோழி வீடோ, எதுவாக இருந்தாலும் சரி. இத்தனை மாதம் நீங்கள் நின்றீர்கள். இப்போது அவர் நிற்கிற முறை.